படிக் கணக்கு

மலை இல்லாத மாவட்டம் எங்களுடையது.
கந்தமாதனம் இருக்கே என்றாள் நம்புத்தாய்.
அது மணல்மேடு, பெயர்தான் பர்வதம்.
ஏறி முடிக்கும் முன்னே
இறங்கச் சொல்லிவிடும்.

அதனால் தனுஷ்கோடி லைட் ஹவுஸ் என்று முடிவானது.
நண்டுக் கம்பெனி லீவு விடும் ஞாயிறு.
நான், ஜெசிந்தா, நம்புத்தாய்.
ஐஸ் பில்லின் பின்பக்கம் திட்டம்:
ஏழேகால் பஸ். ராமேஸ்வரத்தில் மாறி ஏறணும்.
வெயில் பழுக்கும் முன்னே உச்சி.
தலைக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர்.
சோறு கட்ட வேண்டாம்,
வயிறு கனத்தால் வளைவுப் படியில் தலை சுற்றும்.
கடலை மிட்டாய் ஆறு. தைலம் ஒன்று.

படி எத்தனை என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.
இருநூறு என்றாள் ஜெசிந்தா.
முன்னூற்றுச் சில்லறை என்றாள் நம்புத்தாய்.
லிஃப்ட்டே இருக்கு என்றார் பஸ் கண்டக்டர்,
அவரும் போனதில்லை.
இருந்தாலும் நடந்துதான் ஏறுவேன் என்றேன்.
இருவரும் என் முழங்காலைப் பார்த்தார்கள்.

சேலையா சுடிதாரா என்று அரைமணி நேரம்.
உச்சியில் காற்று சேலையைப் பாயாக்கி
நம்மைக் கொண்டுபோய்
மன்னாரில் இறக்கிவிடும் என்றாள் ஜெசிந்தா.
பாஸ்போர்ட் இல்லாமலா என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

கடலில் ஒரு கோடு இருக்கிறது.
அதைத் தாண்டினான் என்றுதான்
இன்னாசியை அறுபத்தொரு நாள்
அந்தக் கரைச் சிறையில் வைத்திருந்தார்கள்.
திரும்பி வந்த இரவு கேட்டேன்,
அந்தக் கோடு என்ன நிறம் என்று.
முள் பார்த்து மீனைத் தின்றுகொண்டே
‘தண்ணி நிறம்’ என்றான்.
அப்புறம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

சேலையில் நூல் இழுத்த இடம்
கட்டியிருப்பவளுக்குத் தெரியாது,
தள்ளி நிற்பவளுக்குத் தெரியும்.
அப்படி ஏதாவது தெரியுமோ என்றுதான்.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
காற்று வாங்கப் போகிறோம் என்றே வைத்துக்கொண்டோம்.

பழக்கத்துக்கு ஐஸ் பேக்டரி இரும்புப் படி,
நாற்பத்திரண்டு.
முதல் நாள் பத்தொன்பதில் உட்கார்ந்துவிட்டேன்.
தண்ணீர்த் தொட்டியில் விழப்போகிறேனோ என்று
வாட்ச்மேன் ஓடிவந்தார்.
என்ன குடும்பப் பிரச்சினை என்றார்.
முழங்கால் பிரச்சினை என்றேன்.
நாலாம் நாள்
இரண்டு பாட்டில் இடுப்பில் கட்டி
மூன்று தடவை ஏறி இறங்கினேன்.
வாட்ச்மேன் எண்ணிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம்
பாம்பன் துறைமுகத்தில்
மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றினார்கள்.
டோக்கன் இல்லை, படகு இல்லை.
காற்றடித்தால் மேலே விடமாட்டார்களாம்,
நம்புத்தாய் போன் போட்டுச் சொன்னாள்.
கடலை மிட்டாயை ஜெசிந்தாவின் பிள்ளைகள்
ஏற்கெனவே முடித்திருந்தார்கள்.
ஐஸ் பில்லில் தேதியை அடித்தேன்.
கீழே எழுத இடமிருந்தது,
எழுதவில்லை.

ஆனாலும் சாயங்காலம் கால் அதுவாகப் போனது.
நாற்பத்திரண்டும் நிற்காமல்.
மேலே கம்பியைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது,
காதுக்குள் மணல்.
கிழக்கே கடலும் வானமும்
ஒரே சாம்பல் துணி,
எங்கே மடிப்பு என்று சொல்ல முடியவில்லை.
கட்டிக்கிடந்த விசைப்படகுகள்
ஒன்றையொன்று இடித்து முனகின.

இந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் வீடு.
அதன் தலையை நான் பார்த்ததேயில்லை.
நீலத் தார்ப்பாய், நாலு கல்,
ஒரு கிழிந்த பந்து,
கூடவே ஒரு செருப்பு.
இடதுகால். இன்னாசியுடையது.
நாய் தூக்கிப் போய்விட்டதென்று
ஒரு வருசமாகத் தெருநாயைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

வாசலில் வலை மடித்துக்கொண்டிருந்தான்.
இன்னாசீ என்று கத்தினேன்.
காற்று அதை வாங்கி எங்கோ வைத்தது.
இன்னொரு தடவை கத்தினேன்.
நிமிர்ந்தான்.
குரல் எங்கிருந்து வருகிறதென்று
கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.